பத்து நிமிஷம் பேசிகினே சாவுறான்

என் வீட்டுக்காரர் நோயலுக்குப் பிடித்த படங்களைவிடப் பிடிக்காத படங்களைப் பற்றிப் பேசத்தான் ஆசை. பிடித்திருந்தால் "ஒரு தபா பாக்கலாம்" என்று முடித்துவிடுவார். பிடிக்கவில்லையென்றால் மூன்று நாளைக்குச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் அந்தப் படம்தான். எங்கள் பக்கத்தை வைத்து எடுக்கிற படங்கள்மேல் அவருக்குத் தனிக் கோபம். எண்ணூர்க்காரன், காசிமேட்டுக்காரன் என்றால் முகத்தில் கரியைப் பூசிக் கையில் கத்தியைக் கொடுத்துவிடுகிறார்கள் என்பார். அந்தக் கரியும் கண்மை மாதிரி இருக்கிறது, நிஜக் கரி எச்சில் துப்பும்போதுதான் தெரியும் என்பார். கதாநாயகி குப்பத்துக்குள் நடந்து வருகிற காட்சி என்றால் அவர் அவள் செருப்பைத்தான் பார்ப்பார். அனல் மின் நிலையச் சாம்பல் ஒட்டாத செருப்பு எந்தக் கடையில் விற்கிறது என்று என்னைக் கேட்பார். பாட்டுகளையும் விடுவதில்லை. படகு போகும்போது எஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் இருமினால்கூடக் கேட்காது, இவன் பாடுவது மட்டும் கரை வரைக்கும் கேட்கிறதாம் என்பார்.

இடைவேளையில் வெளியே வருகிற கூட்டம் படத்தைப் பற்றிப் பேசினால் படம் ஓடும், வீட்டு விஷயம் பேசினால் ஓடாது. இது அவர் கணக்கு. பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது.

நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் அவர் எனக்காகப் படம் பார்த்ததில்லை. அன்பரசனுக்காகப் பார்த்தார்.

அன்பரசன் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி, காத்திவாக்கத்திலேயே இருந்தவன். இவரும் அவனும் ஒரே நிலக்கரி யார்டில், ஒரே ஒப்பந்தக்காரரிடம், கரி போகிற பெல்ட்டில் வேலை. அவன் தியேட்டருக்கே போகமாட்டான். இருட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறது என்பான். ஆனால் எல்லாப் படமும் அவனுக்குத் தெரியும். இவர் முதல் நாள் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சொல்வார். சண்டைக்குச் சண்டைச் சத்தம், சோகத்துக்கு வயலின், எல்லாம் வாயாலேயே. ஒரு முறை இவர் சொன்ன படம் ஆறு மாதம் கழித்து டிவியில் வந்தது. அன்பரசன் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பாதி பார்த்துவிட்டு எழுந்துவிட்டான். "மாமு, நீ சொன்னப்போ நல்லா இருந்துதே, இவனுங்க கெடுத்துக்கீறானுங்க" என்றான். அன்றைக்கு என் வீட்டுக்காரர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை வேறெதற்கும் நான் பார்த்ததில்லை.

அவர்களுக்குள் இன்னொரு பழக்கமும் இருந்தது. அந்த யார்டில் பல பேருக்கு இருந்த பழக்கம்தான். ஒருவனுக்கு வேலை நாளில் ஏதாவது காரியம் என்றால் தன் கேட் பாஸை, அன்றைக்கு ஷிஃப்ட் இல்லாத இன்னொருவனிடம் கொடுத்துவிடுவான். அவன் அந்தப் பாஸை மாட்டிக்கொண்டு உள்ளே போய் வேலையைப் பார்ப்பான். கேட்டில் கைரேகை மெஷின் உண்டு. கரி அள்ளுகிறவர்களுக்கு விரலில் ரேகை தேய்ந்துபோய் மெஷின் படிக்காததால் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி வைத்துவிட்டார்கள். ஹெல்மெட்டும் மாஸ்க்கும் போட்டால் எல்லா முகமும் ஒன்றுதான். செக்யூரிட்டி பாஸின் நிறத்தைத்தான் பார்ப்பார். சூப்பர்வைசர் அசோகனுக்கும் தெரியும். ஆள் குறையாமல் இருந்தால் அவருக்குப் போதும்.

அன்பரசன் மாலை போட்டு மலைக்குப் போன நாட்களில் அவன் பாஸில் என் வீட்டுக்காரர் போயிருக்கிறார். கழுத்தில் ஜெபமாலை, மேலே அன்பரசன் என்ற பாஸ். புதுப்படம் வருகிற நாளில் இவர் பாஸில் அவன் போவான். பதிலுக்கு அவன் கேட்பது கதை மட்டும்தான்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, துறைமுகத்தை வைத்து எடுத்த ஒரு படம் வந்தது. இவர் காலை ஷிஃப்ட்டுக்கு வழக்கம்போல ஐந்தரைக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பினார். படத்துக்கென்று என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் எதுவும் பேசமாட்டேன், ஆனால் முகம் காட்டிவிடும், அது அவருக்குப் பிடிக்காது. டீக்கடையில் பாஸை அன்பரசனிடம் கொடுத்துவிட்டு, ஒன்பது மணிக் காட்சிக்குத் திருவொற்றியூர் போயிருக்கிறார்.

பன்னிரண்டு மணி ஆகவில்லை, எனக்கு போன் வந்தது. யார்டு ஆபீஸிலிருந்து ஒரு பையன் பேசினான். நோயல் வீடா என்று கேட்டான். பெல்ட்டுக்கு மேலே நடக்கிற பாதையில் ஒரு இரும்புத் தட்டு கழன்றுபோய் அவர் கீழே விழுந்துவிட்டார், அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றான். உயிர் இருக்கிறதா என்று கேட்டேன். நீங்கள் வாங்க என்றான். அப்போதே தெரிந்துவிட்டது.

அவர் போனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. உள்ளே போகும்போது போனைக் கேட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போகவேண்டும், அதனால் எடுக்காதது எனக்குப் புதிதாகப் படவில்லை. நான் கத்தினேனா என்று நினைவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் சில்வியா ஓடிவந்தாள். காலேஜில் படிக்கிறவள். அன்பரசன் பெண்சாதி ஷாலு எங்கிருந்தோ கேள்விப்பட்டு, மாவு ஒட்டிய கையோடு வந்தாள். ஆட்டோ பிடித்தது ஷாலுதான். என்னை நடுவில் உட்காரவைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவருக்கு ஒன்றும் ஆகாது, மாதா இருக்கிறாள், ஒருவேளை அடி மட்டும்தான் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் மாதாவைக் கும்பிடுகிறவள் இல்லை. எனக்காகச் சொன்னாள். தன் வீட்டுக்காரனும் இன்று எக்ஸ்ட்ரா ஷிஃப்ட் போயிருக்கிறான், அவன் கட்டாயம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வான் என்றும் சொன்னாள்.

எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் நின்றிருந்தன. ஆட்டோ நகரவில்லை. சில்வியா போனில் ஏதோ வந்தது. அவள் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். "ஆன்ட்டி, அங்கிள் இதுல பேசினு கீறாரு" என்றாள்.

தியேட்டர் வாசலில் மைக் பிடித்து, படம் எப்படி என்று வருகிறவர்களைக் கேட்பார்களே, அப்படி ஒரு சேனல். போட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார். அந்தச் சட்டை டிபன் பாக்ஸ் பையில் ஒளிந்து போயிருக்கிறது.

"இன்னாபா படம் இது. ஹீரோ கிரேன்லேர்ந்து வுயுறான். வுயுந்து பத்து நிமிஷம் பேசிகினே சாவுறான். அம்மாவுக்கு ஒரு டயலாக்கு, லவ்வருக்கு ஒரு டயலாக்கு, வில்லனுக்கு ரெண்டு. எங்க வேலைல ஆளு வுயுந்தா பக்கத்துல கீறவனுக்கே தெரியாது நைனா. செருப்பு கீது, ஆளக் காணோமேன்னு தேடுவோம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். நானும் ஆட்டோவில் சிரித்தேன். அழுதுகொண்டே சிரித்தேன். மாதாவே, மாதாவே என்று ஷாலுவின் கையை என் நெஞ்சில் அழுத்திக்கொண்டேன். வீடியோ இன்னும் முடியவில்லை. மைக் பிடித்தவன், அண்ணனுக்கு இன்றைக்கு வேலை இல்லையா என்று கேட்டான்.

"வேலை கீது. என் பாஸு வேலைக்குப் போய்க்கீது. என் தோஸ்து அன்பு மாட்டிகினு போய்க்கிறான். அவனுக்குத்தான் போய்க் கதை சொல்லணும். வரட்டா."

ஷாலு என் பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "திரும்பப் போடு" என்று சில்வியாவிடம் சொன்னாள். மூன்று முறை கேட்டாள். பிறகு ஆட்டோக்காரரிடம், சந்து வழியாகப் போக முடியுமா என்று கேட்டாள். நான் சிரித்த முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையால் மூடிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் பெயர் எழுதிய சீட்டை அன்பரசன் காலில் கட்டியிருந்தார்கள்.

அந்த வீடியோ ஓடியது. லட்சம் பேர், இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள் என்று சில்வியா சொன்னாள். பத்து நிமிஷம் பேசிகினே சாவுறான் என்கிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, கிரிக்கெட்டில் தோற்றவர்களுக்கும் கட்சிக்காரர்களுக்கும் போட்டுச் சிரித்தார்கள். கடைசியில் அன்புவைப் பற்றிச் சொன்னது சிரிப்பு இல்லையே, அதனால் அது எந்தத் துண்டிலும் வரவில்லை.

மூன்றாம் நாள் அசோகன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு டைப் அடித்த காகிதம். பாஸ் விபத்துக்கு நான்கு நாள் முன்பே தொலைந்துவிட்டது என்று நோயல் எழுதிக் கொடுக்கவேண்டும், ஃபைலுக்குத்தான், வேறொன்றும் இல்லை என்றார். ஆள் மாற்றிப் போனது வெளியே வந்தால் முப்பது பேருக்கு வேலை போகும், உன்மேல் கேஸ் வரும், செத்தவனுக்கும் இதில் நஷ்டம் இல்லை என்றார். அந்த வீடியோவை எடுத்துவிடச் சொல்லி சேனல்காரனுக்குப் போன் போடவும் சொன்னார். இவர் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, கண் சிவந்து கிடந்தது. பேனா இல்லை என்றார். என் மகள் ஜானட்டின் ஸ்கூல் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தது நான்தான். கையெழுத்துப் போட்டார். சேனல்காரனும் வீடியோவை எடுத்துவிட்டான். வெட்டிய துண்டுகள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தன.

அடுத்த வாரம் மாலைப் பேப்பரில் நான்கு வரி வந்தது. வேறொருவரின் அடையாள அட்டையைத் திருடி, தாமிரக் கேபிள் திருட உள்ளே நுழைந்தவர் தவறி விழுந்து பலி. போலீஸ் கேஸும் அப்படித்தான் போட்டிருந்தது. டீக்கடையில் அதை உரக்கப் படித்தார்கள். அன்பரசனைத் தெரிந்தவர்களே, யாருக்குத் தெரியும், மனுஷன் உள்ளே என்ன வைத்திருந்தானோ என்று பேசினார்கள். அவன் மூத்த பெண்ணும் என் ஜானட்டும் ஒரே வகுப்பு. பிள்ளைகள் அவளைக் கேபிள் என்று கூப்பிடுகிறார்கள் என்று ஜானட் வந்து சொன்னாள். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். நான் ஒன்றும் சொல்லவில்லை என்றாள். அவள் என்னைப் போல.

ஷாலு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் வந்தாள். நாங்கள் சர்ச்சில் பூசை முடிந்து வந்திருந்தோம். இவர் உள்ளே இருந்தார். அவள் உள்ளே வரவில்லை, வாசற்படிக்குக் கீழேயே நின்றாள். போனை எடுத்து வீடியோவைப் போட்டாள். முழுசாக. சேனல்காரன் எடுத்துவிட்ட பிறகும் அவளிடம் அது இருந்தது, ஆட்டோவில் அன்றைக்கே சில்வியாவிடம் வாங்கி வைத்திருக்கிறாள். அன்பு மாட்டிகினு போய்க்கிறான் என்று என் வீட்டுக்காரர் குரல் தெருவில் கேட்டது.

"அக்கா, அவரு வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும். நான்தான் பாஸ் குடுத்தேன்னு. வேற ஒண்ணும் நான் கேக்கல. எம் பொண்ணுங்க திருடன் பொண்ணுங்களா நடக்கக் கூடாது."

நான் வாழ்க்கையில் சத்தமாகப் பேசியது குறைவு. அன்றைக்குப் பேசினேன். அவர் வீட்டில் இல்லை என்றேன். அவர் சிரித்துக்கொண்டு ஏதோ சொல்லியிருக்கிறார், அதைப் பிடித்துக்கொண்டு வராதே என்றேன். "பாஸு தொலஞ்சிதான் போச்சு" என்றேன். எனக்கு அந்த நேரத்தில் ஜானட்டும், மூடிய கேட்டும், ஜெயிலும்தான் தெரிந்தது.

ஷாலு என்னைத் திட்டவில்லை. "ஆட்டோல நீ சிரிச்சப்போ எனக்கு உன்மேல கோவம் வரலக்கா. யாரா இருந்தாலும் சிரிப்பாங்க" என்றாள். "இப்போ சொன்ன பாரு, அதுக்குத்தான்."

அவள் போன பிறகு திரும்பினேன். என் வீட்டுக்காரர் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருந்தார். அன்று சோறு போட்டபோது தட்டைத் தள்ளிவிட்டு, "கத கேக்கத்தாண்டி போனான்" என்று ஒரு தடவை சொன்னார்.

மூன்று நாள் கழித்து ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். வெள்ளைச் சட்டை வேண்டாமென்று வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். நானும் கூடப் போனேன். கூப்பிடவில்லை, போனேன்.

ஸ்டேஷனில் இவரைப் பார்த்ததும் ஒரு கான்ஸ்டபிள் எழுந்துவிட்டார். "சார், அந்த பத்து நிமிஷம் ஆளு சார் இவுரு." எல்லாரும் சுற்றி வந்துவிட்டார்கள். நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. ஒருவர் இவர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். இவர் மூன்று தடவை, நான் அன்பரசன் கேஸுக்கு வந்திருக்கிறேன் என்றார். ஆமாம் ஆமாம், பார்க்கலாம், முதலில் அந்த டயலாக்கை நேரில் ஒரு தடவை சொல்லுங்கள் என்றார்கள். அடுத்து வந்த படம் எப்படி என்று கேட்டார்கள். இன்னொருவர், அந்த ஹீரோவுக்கு மூக்குதான் சரியில்லை என்று தன் அபிப்பிராயத்தைச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "சொல்றேன். முழுசா சொல்வேன், முழுசா கேக்கணும்" என்றார்.

சொன்னார். கிரேன், அம்மா டயலாக்கு, லவ்வர் டயலாக்கு, அதே குரல், அதே கை ஆட்டல். அவர்கள் சிரித்தார்கள். செருப்பு கீது, ஆளக் காணோமேன்னு தேடுவோம் என்ற இடத்தில் ஒருவர் மேஜையைத் தட்டினார். இவர் நிறுத்தவில்லை. "வேலை கீது. என் பாஸு வேலைக்குப் போய்க்கீது. என் தோஸ்து அன்பு மாட்டிகினு போய்க்கிறான்" என்றார். பிறகு அதே மூச்சில், "நான்தான் சார் குடுத்தேன். டீக்கடைல, இந்தக் கையால. தொலையல. அவன் கேபிளு எடுக்கப் போகல. நான் படம் பாக்க அவன் போனான். எய்திக்கோங்க" என்றார்.

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். ரைட்டர் மட்டும் ஃபைலைப் புரட்டி அந்தக் காகிதத்தை எடுத்தார். பாஸ் தொலைந்தது என்று நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாயே, அது பொய்யா இது பொய்யா என்று கேட்டார். இதுவரை நீங்கள் என்று பேசிக்கொண்டிருந்தவர். அது பொய் என்றார் இவர். அப்படியானால் உன்மேலும் கேஸ் வரும் என்றார் ரைட்டர். போட்டுக்கோங்க என்றார். அன்று எழுதவில்லை. ஐயா வரட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். எட்டு தடவை போனோம். ஏழாவது தடவை ஷாலு தன் போனோடு வந்திருந்தாள். ஒரே பெஞ்சில் இந்த ஓரம் நாங்கள், அந்த ஓரம் அவள். எட்டாவது தடவை எழுதினார்கள்.

வேலை அந்த வாரமே போனது. எண்ணூர் பக்கம் எந்த ஒப்பந்தக்காரரும் இவரை எடுப்பதில்லை. இவர் வாயைத் திறந்ததால்தான் ஆள் மாற்றுவது நின்றது என்ற கோபத்தில், உடன் வேலை செய்தவர்களும் இவரிடம் பேசுவதில்லை. இப்போது கேட்டில் முகம் பார்க்கிற கேமரா வைத்துவிட்டார்கள். அசோகனை வேறு இடத்துக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான். இவர் காசிமேட்டில் ஐஸ் உடைக்கப் போகிறார். கேஸ் நடக்கிறது. படத்துக்குப் போவதில்லை. தெருவில் யாராவது புதுப்படம் எப்படி என்று கேட்டால், பார்க்கவில்லை என்பார். டிவியில் பாட்டு வந்தால்கூட எழுந்து வெளியே போய்விடுகிறார். ஒரு நாள் ஜானட் கேட்டாள், அப்பா ஏன் எந்தப் படத்தையும் திட்டுவதில்லை என்று.

ஐந்து மாதம் கழித்து ஷாலுவுக்குக் காகிதம் வந்தது. இறந்தவர் திருட வந்ததற்கு ஆதாரம் இல்லை, நோயல் என்பவர் தெரிந்தே கொடுத்த அடையாள அட்டையில் வேலை செய்ய உள்ளே போயிருந்தார் என்று அதில் இருந்ததாம். சில்வியாதான் அவளுக்குப் படித்துக் காட்டினாள். ஷாலு அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, மூத்த பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு, தெருத் தெருவாக வந்தாள். டீக்கடையில் கொடுத்தாள். அங்கே உரக்கப் படித்தவரையே இதையும் உரக்கப் படிக்கச் சொன்னாள். அவர் படித்து முடிக்கிற வரை நின்றாள். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, ஆள் வந்து வாங்கிப் படிக்கிற வரைக்கும் காத்திருந்தாள்.

நான் வாசலில் நின்றிருந்தேன். பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு அவள் எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பெண்ணும் பார்த்தது. நான் கையை நீட்டலாமா என்று நினைத்தேன். நீட்டவில்லை. அவர்கள் எங்கள் வீட்டைத் தாண்டி அடுத்த கதவைத் தட்டினார்கள்.

உள்ளேயிருந்து இவர், யார் அது என்று கேட்டார். ஷாலு என்றேன். நின்றாளா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.